ஓடினவனுக்குக் காத்து வாங்க ரெண்டு மணி நேரம்

சார், பக்கத்துல யாராவது இருக்கீங்களா? இருக்கீங்க. நல்லது. எனக்கு ரெண்டு கண்ணுலயும் சொட்டு மருந்து ஊத்திட்டுப் போயிட்டா அந்த நர்ஸம்மா. கூப்பிடுற வரைக்கும் கண்ணை மூடிகினு உக்காருங்கன்னு உத்தரவு. உங்களுக்கும் அதானா? அப்ப நீங்களும் எழுந்து எங்கயும் போக முடியாது. எனக்கு வசதியாப் போச்சு.

அந்த டி.வி.யில இன்னா சொல்றான், காதுல விழுந்துதா? எந்த நாட்டுச் சண்டையோ. பிடிபட்ட சிப்பாய்ங்களை வரிசையா மண்டி போட வச்சு, ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் கிட்டப் போய் காட்டுறாங்களாம். இது தப்பு சார். கைதியை ஊருக்கு வேடிக்கை காட்டக் கூடாது. ஜெனீவா சட்டம். போர்க்கைதின்னா அவனை அடிக்கக் கூடாது, அசிங்கமாத் திட்டக் கூடாது, ஜனங்க நடுவுல நிறுத்தக் கூடாது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட சொல்வேன்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? கேக்கலைன்னாலும் சொல்றேன். அந்தச் சட்டத்தால வீணாப் போனவன் சார் நான்.

நம்ம பேரு எத்திராஜ். வேலூர் பக்கம். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருப்பான், இல்லைன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க. எழுபத்தொண்ணு சண்டையில நான் கிழக்குல இருந்தேன். முட்டியில அடிபட்டுது. குண்டு படலை சார், எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. வாய்க்கால்ல விழுந்துட்டேன். அதுக்கெல்லாம் மெடல் கிடையாது. சண்டை முடிஞ்சு அவங்க பக்கம் லட்சத்துக்குக் கிட்ட பேர் சரணடைஞ்சாங்க இல்ல? அவ்ளோ பேரையும் கொண்டாந்து நம்ம நாட்டுக்குள்ள கேம்ப் கேம்பா வச்சாங்க. முட்டி சரியில்லாத என்னை மாதிரி ஆளுங்களைக் காவலுக்குப் போட்டாங்க. வடக்குல ஒரு ஊரு. ஊர் பேரு வேணாம்.

எனக்கு அப்போ ஒரே நினைப்பு, வீட்டுக்குப் போகணும். குணபூஷணத்துக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, நான் சண்டையில இருந்தப்போ பொண்ணு பொறந்துடுச்சு. தவழுதுன்னு எழுதறா, பல்லு மொளைச்சிருச்சுன்னு எழுதறா. நான் இன்னும் மூஞ்சி பாக்கலை. லீவு கேட்டா, கேம்ப்பு நிலைப்படட்டும், அப்பால பாக்கலாம்னாரு மேஜர்.

மேஜர் குருவில்லா. மலையாளத்துக்காரரு. ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு, பாத்தா காலேஜ் வாத்தியார்னு சொல்வீங்க. முதல் நாளு எங்க எல்லாரையும் மைதானத்துல நிக்க வச்சு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாரு. "ஆயுதத்தைக் கீழ வச்சவன் போர்ல இல்லை. அவ்ளோதான் சட்டம். மீதி பக்கமெல்லாம் அதுக்கு விளக்கம்"னாரு. எனக்கு சிரிப்பு வந்துது. நேத்து வரைக்கும் என்னைக் குறி பாத்து சுட்டவன் இன்னிக்கு போர்ல இல்லையாம். நான் மட்டும் இருக்கேனாம், அவனுக்குக் காவலா.

சட்டத்தை அவங்க பாஷையிலயே சுவத்துல ஒட்டணும்னு அந்தச் சட்டத்துலயே போட்டிருக்குது சார். ஒட்டிட்டோம். அதான் வினை. வேலை வெட்டி இல்லாத ஆளுங்க, நாள் பூரா அதையே நின்னு படிச்சாங்க. அவங்களுக்குள்ள ஓட்டுப் போட்டு ஒருத்தனைப் பிரதிநிதியாவும் எடுத்துகினாங்க. அதுவும் சட்டமாம். நான் அதுவரைக்கும் வாழ்க்கையில ஓட்டே போட்டதில்ல.

அப்படி வந்தவன்தான் கரம்தாத்.

அவனும் நாயக்கு, என் ரேங்க்குதான். பஞ்சாப்புக்காரன். அவங்க ஊர்லயும் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளமாம். சிவப்பா, தாடியை ஒட்ட வெட்டிகினு, எந்நேரமும் ஏதோ யோசிக்கிறாப்ல ஒரு பார்வை. அந்தப் பார்வை என் மேல விழுந்தா அடுத்து ஒரு புகார் வரும்னு அர்த்தம்.

முதல் வாரமே தகராறு. மழைத் தண்ணி போறதுக்கு கேம்ப்புக்குள்ள கால்வாய் வெட்டணும். அவன் கையில மண்வெட்டியைக் குடுத்தேன். வாங்கலை. கையைப் பின்னால கட்டிகினான்.

"பாய், நானும் நாயக். நாயக்குக்கு மேற்பார்வை வேலைதான் குடுக்கலாம். சுவத்துல இருக்கு, போய்ப் படிங்க."

பாய்னா அவங்க பாஷையில அண்ணன். சுவத்துல இருக்கறது உருது. நான் இன்னாத்தைப் படிக்கிறது? நேரா மேஜர்கிட்டப் போனேன். புத்தகத்தைப் புரட்டினாரு. "அவன் சொல்றது சரி, எத்திராஜ்"னாரு.

அப்பால அவன் சிப்பாய்ங்க வெட்டுவாங்க, அவங்களை அவன் மேற்பார்வை பாப்பான், அவனை நான் மேற்பார்வை பாப்பேன். அவன் வேப்ப மரத்து நிழல்ல நிப்பான். நிழல்ல ரெண்டு பேருக்கு இடம் கிடையாது சார்.

சாப்பாட்டுக்கு வருவோம். கைதிங்களுக்கு அவங்க பழக்கப்பட்ட சாப்பாட்டைப் பாத்துப் போடணும்னு சட்டம். முதல்ல சோறு போட்டாங்க. கரம்தாத் வந்து நின்னான், எங்க ஆளுங்களுக்கு ரொட்டிதான் பழக்கம்னான். மறு வாரம் கோதுமை மாவு வந்து இறங்குது. சரி, அந்த அரிசியை எங்களுக்காவது போடுவாங்கன்னு பாத்தா, ஒரே அடுப்பு, எல்லாருக்கும் ரொட்டி! நான் அட்டென்ஷன்ல நின்னு கேட்டேன், "சாப், எங்க ஆளுங்களுக்கு சோறுதான் பழக்கம்"னு. மேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. "எத்திராஜ், ஜெனீவாவுல உனக்கு ஒண்ணும் இல்லையே. நீ கைதி இல்லையே"ன்னாரு.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. அந்த ரொட்டியை நீங்க சாப்பிடலை.

ஆனா ஒண்ணு. கரம்தாத்துக்கு என்கிட்ட பேசலைன்னா பொழுது போகாது. நானா போய்ப் பேசறது கிடையாது சார், ஒரு நாளும் கிடையாது. வேலி ஓரமா நான் ரவுண்டு போனா அவனும் உள்பக்கமா கூடவே நடப்பான். அவன் ஊர்ல எருமை எவ்ளோ கறக்கும், எங்க ஊர்ல எவ்ளோ கறக்கும். அவங்கப்பாவுக்கு சுகமில்லை. என் பொண்ணுக்கு இன்னா பேரு வச்சீங்கன்னு கேட்டான். வச்சிட்டு எழுதுவாங்கன்னேன். "அப்பன் நீங்க, நீங்கதானே வைக்கணும்"னான். எனக்குக் கோவம் வந்துடுச்சு. எதிரி நாட்டுக்காரன் எனக்கு சொல்லித் தர்றான்! அன்னிக்கே எழுதிப் போட்டேன், வெண்ணிலான்னு வைங்கன்னு. அவன் சொன்னதுக்காக இல்ல, எனக்கே அந்த யோசனை இருந்துது.

இதுக்கு நடுவுல, டவுன்ல பெரிய மனுஷன் ஒருத்தரு மாலையோட வந்தாரு. சண்டையில ஜெயிச்சதுக்கு ஊர்வலம் நடத்துறோம், கைதிங்க ஒரு நூறு பேரைக் குடுங்க, பேண்டு வாத்தியத்தோட கடைத்தெரு வழியா நடத்திட்டு அனுப்பறோம்னு கேட்டாரு. மேஜர் முடியாதுன்னுட்டாரு. டீ குடுத்து அனுப்பிட்டாரு. எனக்கு மனசே ஆறலை. முன்னால நான்தான் நடக்கப் போறேன்னு மீசைக்கு எண்ணெய் எல்லாம் போட்டு வச்சிருந்தேன்.

இப்ப பல்லுக்கு வர்றேன். கவனமாக் கேளுங்க, இங்கதான் எனக்கு அநியாயம் நடந்துது.

கரம்தாத்துக்குக் கடவாய்ப் பல்லு வலி. கேம்ப் டாக்டர்கிட்ட பல்லு எடுக்கற சாமான் கிடையாது. நம்ம ஆளுக்கு வந்தா எங்க அனுப்புவோமோ அங்கயே கைதியையும் அனுப்பணும்னாரு மேஜர். டவுன் ஆஸ்பத்திரிக்கு. காவலுக்கு நானும் பெரியதம்பியும். பெரியதம்பி ராமநாதபுரத்துப் பையன், நல்ல பலசாலி, மூளையை மட்டும் ஊர்லயே வச்சிட்டு வந்துட்டான்.

பல் டாக்டரம்மா ஒருத்தங்க, நல்ல ஆகிருதி, ஆம்பளைக் குரல். கரம்தாத்தை உக்கார வச்சு, ஊசியப் போட்டு, நொடியில புடுங்கிப் போட்டாங்க. அவன் பஞ்சைக் கடிச்சிகினு எழுந்தவன், என்னைக் காட்டி ஏதோ சைகை பண்றான். அந்தம்மா என்னைப் பாக்கறாங்க.

விஷயம் இன்னான்னா, எனக்கும் அப்போ ஒரு பக்கம் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கி இருந்துது. யார்கிட்டயும் சொல்லலை. வேலி ஓரம் நடக்கறப்ப அவன்தான் பாத்துட்டு, "பாய், நீங்க ரொட்டி மெல்ல மாட்டேங்கறீங்களே"ன்னு கேட்டுகினே இருந்தான்.

"உக்காருப்பா"ன்னாங்க அந்தம்மா.

"நான் டூட்டியில இருக்கேன்"னேன்.

"பல்லுக்கு டூட்டி தெரியுமா? உக்காரு."

அவங்க குரல்ல உத்தரவு இருந்துது சார். உத்தரவுன்னா கீழ்ப்படியறதுதான் சிப்பாய்க்கு அழகு. உக்காந்தேன். பெரியதம்பிகிட்ட தெளிவா சொன்னேன், கைதியைப் பாத்துக்கடான்னு. ஊசி போட்டாங்க, மூஞ்சியே மரத்துப் போச்சு. ஆனா என் பல்லு கரம்தாத் பல்லு மாதிரி கிடையாது. உறுதி. அந்தம்மா காலை ஊணிகினு இழுக்கறாங்க, வர மாட்டேங்குது. "ஏய், நீ வந்து தலையைப் புடி"ன்னு பெரியதம்பியைக் கூப்பிட்டாங்க. அந்தப் புண்ணியவான் துப்பாக்கியை சுவத்துல சாய்ச்சிட்டு வந்து ரெண்டு கையாலயும் என் தலையை அமுக்கிப் புடிச்சிகினான்.

பல்லு வந்துது. தலையைத் திருப்பினா பெஞ்சு காலி.

துப்பாக்கி அங்கயே இருந்துது சார், பெஞ்சுக்குப் பக்கத்துலயே, சாய்ச்சது சாய்ச்சபடி. கையை நீட்டினா எட்டும். பதட்டத்துல கரம்தாத் எடுக்க மறந்துட்டான்னு நினைக்கிறேன்.

ஓடினோம். எனக்கு முட்டி வேற. வாயில பஞ்சு, பாதி மூஞ்சி செத்துக் கிடக்குது. கடைத்தெருவுல ஒரு ஆளு இல்ல. எல்லாக் கடையும் திறந்து கிடக்குது, மனுஷன் இல்ல. தெருக் கோடியில மரவாடி ஒண்ணு. அங்கேருந்து சத்தம் வருது. கூட்டமா கத்துனா ஒரு சத்தம் வரும் சார், திருவிழாச் சத்தம் வேற, இது வேற. எனக்கு அது தெரியும்.

கைதிங்க சட்டையில முதுகுல பெருசா முத்திரை குத்தி இருக்கும். டீக்கடைக்காரன் பாத்துட்டு சத்தம் போட்டிருக்கான். துரத்திகினு போய் மரவாடிச் சுவத்துல சாத்தி வளைச்சுட்டாங்க. மரவாடி! தடிக்கு இன்னா பஞ்சம்? ஆளுக்கு ஒண்ணு கையில. கரம்தாத் நெத்தியில ரத்தம். ஒரு கை தொங்கிப் போச்சு. இன்னொரு கையால தலையை மறைச்சிகினு நிக்கறான். கும்பிடலை, கெஞ்சலை. அப்படியே நிக்கறான்.

நான் கூட்டத்தைக் கிழிச்சிகினு உள்ளே போய் அவனுக்கு முன்னால நின்னேன். பெரியதம்பி எனக்குப் பக்கத்துல. துப்பாக்கியைத் தூக்கப் போனான், நான் வேணாம்னு தலையை ஆட்டிட்டேன். நம்ம ஜனங்களைப் பாத்து எப்படி நீட்டறது?

பேசணும்னு வாயைத் திறந்தேன். ஜெனீவான்னு சொல்ல வர்றேன் சார், "ஹெனீஹா"ன்னு வருது. பஞ்சு கீழ விழுந்து வாயிலேருந்து ரத்தம் கொழகொழன்னு சட்டையில ஊத்துது. அதைப் பாத்த கூட்டம் இன்னா நினைக்கும்? "பாவி, நம்ம ஜவானையே வாயில அடிச்சு உடைச்சிட்டான்டா!"ன்னு ஒருத்தன் கத்தினான். அவ்ளோதான், காப்பாத்தப் போனவன் நெருப்புல எண்ணெயை ஊத்தினேன். நான் இல்லை இல்லைன்னு தலையை ஆட்டறேன். ஆட்ட ஆட்ட ரத்தம் நாலா பக்கமும் தெறிக்குது.

என் முதுகுக்குப் பின்னாலேருந்து கரம்தாத் கத்தறான், அவனுக்கும் வாய் மரத்துப் போயிருக்குது: "பல்லு! அது பல்லுய்யா! டாக்டரம்மாகிட்ட கேளுங்க!" யாரு கேக்கறா? ஒரு தடி வந்து என் தோள்ல விழுந்துது. இன்னொண்ணு பெரியதம்பி முதுகுல. அவன் "அம்மா"ன்னு தமிழ்ல கத்தினான்.

அப்போ ஒரு பெரியவரு முன்னால வந்தாரு. தலைப்பாகை, நரைச்ச மீசை. அவரு வந்ததும் மத்தவங்க கொஞ்சம் வழி விட்டாங்க. கையில கனமான தேக்குச் சட்டம்.

"ஜவான், நீ தள்ளு. என் மகன் அவங்ககிட்ட மாட்டியிருக்கான். மேற்கு எல்லையில பிடிபட்டுட்டான். உயிரோட இருக்கான்னு ஒரு கார்டு வந்துது, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லை. இவனை எனக்கு விட்டுடு"ன்னாரு.

சத்தமாச் சொல்லலை. அழற மாதிரியும் இல்ல. உப்பு குடுன்னு கேக்கறாப்ல கேட்டாரு. கூட்டத்துக்கு பயப்படலை சார், அவருக்கு பயந்தேன். ஏன்னா அவரு கேக்கறதுல எனக்கு ஒரு தப்பும் தெரியலை அந்த நேரத்துல. எனக்கும் பொண்ணு இருக்குதே.

நான் பெல்ட்டைக் கழட்டி கரம்தாத் கையையும் என் கையையும் சேத்துக் கட்டிகினேன். ஏன் அப்படிப் பண்ணேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. விசாரணையில, கைதி மறுபடி ஓடாம இருக்கறதுக்குன்னு சொன்னேன்.

பெரியவரு எங்க கையில இருந்த அந்த பெல்ட்டையே பாத்துகினு இருந்தாரு. அப்பால என் மூஞ்சியைப் பாத்தாரு.

"அங்க என் மகனுக்கு முன்னால இப்படி எவனாவது நிக்கிறானா?"

எனக்கு இன்னா சார் தெரியும்? அந்தப் பக்கத்துல யாரு எப்படின்னு நான் கண்டேனா? ஆனா வாய் குழறினாலும் தெளிவா ஒரு வார்த்தை வந்துது. "நிக்கிறான்"னேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அவனும் நாயக்குதான்"னேன்.

முழுப் பொய்யி. என் பின்னால கரம்தாத் மூச்சு விடற சத்தம் கேக்குது. பெரியவரு அந்தத் தேக்குச் சட்டத்தை ரெண்டு கையாலயும் மெதுவா மண்ணுல வச்சாரு, குழந்தையைப் படுக்க வைக்கறாப்ல. திரும்பிக் கூட்டத்தைப் பாத்து, "அவங்க கேம்ப்புக்குப் போகட்டும்"னாரு. போக விட்டாங்க. நாங்க மூணு பேரும் ரத்தமும் கையுமா நடந்தோம். பாதி வழியில மேஜர் ஜீப்புல எதிர்ல வந்தாரு. எங்க மூணு பேரையும் மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. அப்பால, "பல்லு வந்துதா?"ன்னாரு.

இப்ப சொல்லுங்க சார், நான் பண்ணதுல இன்னா தப்பு? விசாரணை வச்சாங்க. கைதியைத் தப்ப விட்டதுக்கு எனக்குக் கடுமையான எச்சரிக்கை, ஹவில்தார் பதவி உயர்வு தள்ளி வச்சாச்சு, லீவும் ரத்து. பொண்ணு நடக்க ஆரம்பிச்சிட்டா அதுக்குள்ள.

சரி, ஓடினவனுக்கு இன்னா தண்டனை? கேளுங்க. கையில கட்டுப் போட்டு, குணமானதும் கொஞ்ச நாள் தனி அறை. அவ்ளோதான். அதுக்கு மேல சட்டத்துல இடமில்லையாம். தனி அறையில இருக்கறவனையும் தினம் ரெண்டு மணி நேரம் காத்து வாங்க வெளியே விடணுமாம். அந்த ரெண்டு மணி நேரம் வெயில்ல துப்பாக்கியோட நிக்கறது யாரு? நான்!

மேஜர்கிட்ட பொங்கிட்டேன். "இன்னா சாப் நியாயம் இது? ஓடினவனுக்குக் காத்து, காப்பாத்தினவனுக்குத் தண்டனையா?"

அவரு பொறுமையா சொன்னாரு: "எத்திராஜ், தப்பிக்கப் பாக்கறது கைதியா இருக்கற சிப்பாயோட வேலை. சட்டத்துக்கே அது தெரியும். தப்பிக்கிறதுல யாரையும் அவன் அடிக்கலை, துப்பாக்கியைத் தொடலை. அவன் அவன் வேலையைப் பாத்தான். விட்டுடாம இருக்கறது உன் வேலை. நீ பல்லு புடுங்கிகினு இருந்தே. மரவாடியில நின்னதுக்கு என்கிட்ட சட்டத்துல ஒண்ணும் இல்லை. இந்தா"ன்னு அவரோட டிபன் பாத்திரத்தைத் தள்ளினாரு. திறந்தா சோறு. எங்கேருந்து வரவழைச்சாரோ, மலையாளத்துப் புழுங்கலரிசி. இவ்ளோ பெருசு பெருசா. பல்லு போன இடத்துல மாட்டிகினு ரொம்ப அவஸ்தை. பூராத்தையும் சாப்பிட்டேன்னு வைங்க.

அதோட விட்டானா கரம்தாத்? ஜெனீவாவிலேருந்து செஞ்சிலுவைக்காரர் ஒருத்தர் கேம்பைப் பாக்க வந்தாரு. கைதிப் பிரதிநிதி அவர்கிட்ட தனியாப் பேசலாம், நாங்க யாரும் கூட இருக்கக் கூடாது. உள்ளே போனவன் வரவே இல்ல. அப்பால மேஜர் என்னைக் கூப்பிட்டாரு. "உன்னைப் பத்திதான் புகார்"னாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது.

"இன்னா சாப் சொல்லியிருக்கான்?"

"நாயக் எத்திராஜுக்கு உடனே லீவு குடுக்கணும், அவர் பொண்ணை இன்னும் பாக்கலைன்னு சொல்லியிருக்கான். அது எந்தப் பிரிவுலயும் வராதுன்னு அந்த வெள்ளைக்காரர் எவ்ளோ சொல்லியும் கேக்கலையாம்."

பாத்தீங்களா சார் தந்திரத்தை? என்னைக் கேம்ப்பை விட்டுக் கிளப்பணும். நான் இருக்கற வரைக்கும் அவனால மறுபடி ஓட முடியாதில்ல! மேஜரும் ஏமாந்துட்டாரு, அந்த வாரமே லீவு போட்டுக் குடுத்துட்டாரு. ஊருக்குப் போனேன். வெண்ணிலா முதல் ரெண்டு நாள் என்னைப் பாத்து அலறினா. மூணாவது நாள் மடியில வந்து உக்காந்து வாய்க்குள்ள விரலை விட்டுப் பாத்தா. லீவு முடியறதுக்கு முன்னாலயே கிளம்பிட்டேன். அங்க இன்னா பண்றானோன்னு ஒரு கவலை. "அந்தாளு பேச்சைப் பேசறதுக்குத்தான் வீட்டுக்கு வந்தீங்களா?"ன்னா குணபூஷணம். நான் அப்படி ஒண்ணும் பேசலை. குறை சொன்னேன், அவ்ளோதான்.

திரும்பிப் போனா அவன் ஓடவே இல்லை. வேலி ஓரத்துல நின்னுகினு இருந்தான். "வச்ச பேரைக் கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கறாளா?"ன்னு கேட்டான்.

அப்பால ரெண்டு சர்க்காரும் பேசி முடிச்சு, ரயில் ரயிலா அவங்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிப் போச்சு. கரம்தாத் போற ரயில்ல எனக்குக் காவல் டூட்டி. நான் கேட்டு வாங்கலை, பெரியதம்பி யார்கிட்டயாவது சொன்னா நம்பாதீங்க. அவங்கப்பா நடுவுல தவறிட்டாரு, அதுலேருந்து அவன் பேச்சு குறைஞ்சு போச்சு. ஜன்னல் கம்பியில நெத்தியை வச்சிகினு வயலையே பாத்துகினு வந்தான். அந்த மரவாடித் தழும்பு நெத்தியில நல்லாத் தெரியுது.

எனக்கு ரொம்ப நாளா ஒரு கேள்வி. கேட்டுட்டேன். "ஏம்பா, அன்னிக்கு எங்க போறதா இருந்தே? எல்லை அங்கேருந்து எவ்ளோ தூரம்னு உனக்குத் தெரியும். கையில காசு இல்ல, முதுகுல முத்திரை. ரயிலடி கூட நீ போன பக்கம் இல்லையே."

அவன் திரும்பிப் பாத்தான்.

"எங்கயும் போறதா இல்லை"ன்னான். "கதவு திறந்திருந்துது. தெரு தெரிஞ்சுது. பின்னால யாரும் வராம அந்தத் தெருக் கோடி வரைக்கும் நடந்து பாக்கணும்னு தோணுச்சு. நடந்துட்டுத் திரும்பி வந்திருப்பேன்."

நான் நம்பலை சார். யாரு நம்புவா? ஆனா விசாரணையில அதை ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "சும்மா நடக்கப் போனான்னு சொன்னா, பட்டாளத்துக்காரனுக்கு அவமானம் இல்லையா?"ன்னான்.

எல்லையில வெயில்னா வெயில். ரோட்டுல ஒரு கோடு, இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க ஆபீசருங்க, பேண்டு, பூமாலை. ஒவ்வொரு பேராக் கூப்பிடறாங்க, கூப்பிடக் கூப்பிட ஓட்டமா ஓடறாங்க எல்லாரும். சிலபேர் மண்ணுல விழுந்து கும்பிடறாங்க. கரம்தாத் பேரைக் கூப்பிட்டாங்க. பழக்க தோஷம், நானும் அவன் கூடவே ரெண்டு எட்டு வச்சிட்டேன். அவன் நின்னான். என் தோள்ல கையை வச்சு, "இதுக்கு மேல வராதே, எத்திராஜ்"னான். அதுவரைக்கும் பாய்னுதான் கூப்பிடுவான், பேரைச் சொன்னது அன்னிக்குத்தான்.

நடந்தான். ஓடலை சார். கோட்டைத் தாண்டியும் ஓடலை. கையைப் பின்னால கட்டிகினு, வயக்காட்டைப் பாக்கப் போற குடியானவன் மாதிரி, ஒவ்வொரு அடியா வச்சு நடக்கறான். அடுத்த பேருங்க அவன் பின்னால முட்டிகினு நிக்கறாங்க. அந்தப் பக்கத்து ஆபீசர், சீக்கிரம் வாடான்னு கத்தறாரு. பேண்டுக்காரன் ஒரு பாட்டை முடிச்சிட்டு இன்னொண்ணு ஆரம்பிச்சிட்டான். அவன் அவசரப்படவே இல்லை.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அடக்க முடியலை. பெரியதம்பி பயந்துட்டான்.

"இன்னா நாயக்கு, இப்படி சிரிக்கறீங்க?"

"தோ பாருடா அவனை. இவனைப் போய் தப்பி ஓடினான்னு எழுதி வச்சிருக்காங்க. இவனுக்கு ஓடவே தெரியாதுடா"ன்னேன்.